பிக்கப் ட்ரக் ஆட்டோமேட்டிக்ல கியர் மாறும்போது டமார்னு இடிக்குது, ரீபில்ட் பண்ணியே ஆகணுமா?

ஹூஸ்டன்வாசி:
வணக்கம் மக்களே. செகண்ட் ஹேண்ட்ல வாங்கின ஃபுல் சைஸ் பிக்கப், வி8, 4 ஸ்பீடு ஆட்டோமேட்டிக், ரியர் வீல் ட்ரைவ், ஓடோமீட்டர் 1,40,000 மைல் தாண்டிடுச்சு. எந்த கம்பெனின்னு போட்டா ஆளாளுக்கு அதையே திட்ட ஆரம்பிச்சிடுவீங்க, அதனால போடல.

காலைல எடுக்கறப்ப வெண்ணெய் மாதிரி போகுது. ஃப்ரீவேல ஓட்டிட்டு இறங்கி சிக்னல்ல நின்னு எடுத்தா 1லருந்து 2 போறப்ப டமார்னு ஒரு இடி, கப்புல இருக்கிற காபி வெளிய வந்துடுது. 2-3யும் அப்படித்தான், லேசா மிதிச்சாலும் இடிக்குது. கடுப்பாகி ஓரங்கட்டி இன்ஜின ஆஃப் பண்ணி ஆன் பண்ணா கொஞ்ச தூரம் நல்லா போகும், அப்புறம் மறுபடி ஆரம்பிச்சிடும். ஆயில் சிவப்பாதான் இருக்கு, கருகின வாடை இல்ல, செக் இன்ஜின் லைட்டும் எரியல. இது போக வண்டி முழுசா நிக்கிற நேரத்துல அடியில 'டொக்'னு ஒரு சத்தம். பக்கத்துல ஒரு ட்ரான்ஸ்மிஷன் கடைல ஒரு ரவுண்ட் ஓட்டிப் பாத்துட்டு கியர் பெட்டி போச்சு, பிரிச்சு ரீபில்ட் பண்ண 3,500 டாலர்னு சொல்லிட்டாங்க. ஸ்கேனர் கூட போடல. என்ன பண்ணலாம்?

மைல்கல்:
ப்ரோ மொதல்ல ஏடிஎஃப் (ட்ரான்ஸ்மிஷன் ஆயில்) ஃப்ளஷ் பண்ணி புதுசு ஊத்திடுங்க, என் மச்சான் வண்டில அதுலயே சரியாச்சு.

பழைய ஸ்பேனர்:
ஃப்ளஷ்லாம் இப்ப வேணாம் தம்பி, உங்க கேள்விலயே பாதி பதில் இருக்கு. ஆஃப் பண்ணி ஆன் பண்ணா சரியாகுதுன்னு எழுதியிருக்கீங்க பாருங்க, அதுதான் விஷயம். உடைஞ்ச ஸ்ப்ரிங்கும் தேஞ்ச க்ளட்சும் சாவியத் திருப்பினா குணமாகாது. கம்ப்யூட்டர் ஏதோ ஒரு வயர்ல கோளாறு பாத்துட்டு பாதுகாப்புக்காக ப்ரெஷர ஃபுல்லா ஏத்தி விடுது, திரும்ப ஸ்டார்ட் பண்ணதும் இன்னொரு வாய்ப்பு குடுத்துப் பாக்குது, மறுபடி கோளாறு தெரிஞ்சதும் பழையபடி ஏத்திடுது, இதுதான் நடக்குதுன்னு நினைக்கறேன்.

எப்படின்னா, பெட்டிக்குள்ள க்ளட்ச் எல்லாம் ஆயில் ப்ரெஷர்லதான் பிடிக்குது. அந்த ப்ரெஷர கட்டுப்படுத்தறது ப்ரெஷர் கன்ட்ரோல் சாலினாய்டு, அதாவது கரன்ட்ல இயங்கற ஒரு வால்வு. உங்கள மாதிரி பல 4 ஸ்பீடு பெட்டிகள்ல அதுக்கு ஏறக்குறைய 1 ஆம்பியர் கரன்ட் போனா ப்ரெஷர் கம்மி, கரன்ட்டே போகலன்னா ப்ரெஷர் உச்சம். வேணும்னேதான் அப்படி வச்சிருக்கான், வயர் அறுந்தா க்ளட்ச் வழுக்கிக் கருகறதுக்கு இடிச்சாலும் பரவால்லன்னு. அதனாலதான் லேசா மிதிச்சாலும் எல்லா ஷிஃப்ட்டும் இடிக்குது. 1-2 மட்டும் இடிச்சா நான் அந்த ஷிஃப்ட்டோட இடிய மெத்துனு தாங்கிக்கிற அக்யுமுலேட்டர சந்தேகப்படுவேன், அதுல பிஸ்டன் விரிசல் விடும், ஸ்ப்ரிங் உடையும்.

லைட் எரியலன்னு விட்டுடாதீங்க, ட்ரான்ஸ்மிஷன் கோளாறு கோடு சிலது லைட்ட எரிய விடாமலே உள்ள பதிவாகி இருக்கும். ட்ரான்ஸ்மிஷன் டேட்டா படிக்கிற ஸ்கேனரா பாத்துப் போடுங்க. பி0748 வந்தா அந்த சாலினாய்டு சர்க்யூட். பி0122, பி0123ன்னா த்ராட்டில் சென்சார், அது தப்பா சொன்னா நீங்க ஆக்ஸிலேட்டர அழுத்தி மிதிக்கறதா நினைச்சும் ப்ரெஷர ஏத்தும்.

மணல்காடு:
அண்ணன் சொல்றது சரி. ஆனா செகண்ட் ஹேண்ட் வண்டின்னா டோ ஹால் பட்டன் (ட்ரெய்லர் இழுக்கறப்ப போடறது) ஆன்ல மாட்டிக்கிச்சான்னும் பாத்துடுங்க, அது இருந்தா ஷிஃப்ட் சும்மாவே இறுக்கமா வரும். முன்னாடி வச்சிருந்தவரு ட்ரெய்லர் இழுக்க, கியர் மாறறத இறுக்கமாக்கற ஷிஃப்ட் கிட் போட்டிருந்தாலும் இடிக்கும், ஆனா அது காலைலயும் இடிக்கணும்ல? உங்களுக்கு சூடானா மட்டும்தானே.

ஹூஸ்டன்வாசி:
டோ ஹால் ஆஃப்லதான் இருக்கு. ஃப்ரெண்டோட ஸ்கேனர் போட்டேன், பி0748 உள்ள உக்காந்திருக்கு, வேற எதுவும் இல்ல. அண்ணே அடுத்து பெட்டி அடியில இருக்கிற ஆயில் பேன (தட்ட) கழட்டணுமா?

பழைய ஸ்பேனர்:
பேனுக்கு அவசரம் இல்ல. வண்டி ஆறட்டும், ஸ்டாண்ட் போட்டு டயருக்குக் கட்டை வச்சு கீழ போங்க, வெறும் ஜாக்க நம்பி போகாதீங்க. பெட்டி பக்கவாட்டுல உருண்டையா ஒரு பெரிய கனெக்டர் இருக்கும், கழட்டிப் பாருங்க. உள்ள ஆயில் ஊறியிருக்கா, பின் பச்சை பிடிச்சிருக்கா, வயர் எக்ஸாஸ்ட் பைப்ப தொட்டு உருகியிருக்கா. சூடானா மட்டும் வருதுன்னா எனக்கு அந்த எக்ஸாஸ்ட் பக்கம்தான் சந்தேகம். அப்புறம் பெட்டிப் பக்கம் இருக்கிற சாலினாய்டு பின் ரெண்டுலயும் மீட்டர் வைங்க, ஆறின நிலைல பொதுவா 3லருந்து 5 ஓம்ஸ் காட்டணும், உங்க மேனுவல்ல சரியான அளவு இருக்கும். வண்டி சூடா இருக்கறப்பவும் ஒரு தடவ பாருங்க, எக்ஸாஸ்ட்ல கைய சுட்டுக்காதீங்க. பெட்டிப் பக்கம் ரெண்டு தடவையும் ஒழுங்கா இருந்தா உள்ள இருக்கிற சாலினாய்டு பெரும்பாலும் நல்லாருக்கு, வெளி வயரத் தேடுங்க. பெட்டிப் பக்கமே ரீடிங் தாறுமாறா ஆடினா அப்ப பேன கழட்டுங்க, சாலினாய்டும் உள் வயரிங்கும் பெட்டிய இறக்காமலே மாத்தலாம்.

ஹூஸ்டன்வாசி:
பாத்துட்டேன்ணே. பெட்டிப் பக்கம் ஆறினாலும் சூடானாலும் 4 ஓம்ஸ் ஒட்டிதான் இருக்கு. ஆனா வயர்க் கட்டைத் தாங்கிப் பிடிச்சிருந்த க்ளிப் உடைஞ்சு மொத்தமா எக்ஸாஸ்ட் மேல தொங்குது, ரெண்டு வயர்ல தோல் உருகி செம்பு தெரியுது. வெட்டி சால்டர் பண்ணி ஹீட் ஷ்ரிங்க் போட்டு தள்ளிக் கட்டிட்டேன், கோட அழிச்சுட்டு ஃப்ரீவே போய் வந்தேன், இடி இல்ல. கோடும் திரும்ப வரல. நிக்கிறப்ப வர அந்த டொக் மட்டும் அப்படியே இருக்கு.

மணல்காடு:
அது பெட்டி இல்ல ப்ரோ, ட்ரைவ் ஷாஃப்ட் முன் முனைல பெட்டிக்குள்ள சறுக்கற ஸ்லிப் யோக் க்ரீஸ் இல்லாம காஞ்சிருக்கும். பிரேக் பிடிச்சா பின்பக்க லீஃப் ஸ்ப்ரிங் முறுக்கிக்கிது, நின்னதும் விடுபடுது, அப்ப யோக் சறுக்காம மாட்டி டொக்னு வரும். கழட்டி ஸ்ப்ளைன்ல (உள் பல் வரிசைல) க்ரீஸ் தடவி மாட்டுங்க. கழட்டறதுக்கு முன்னாடி பின்பக்கம் ஷாஃப்ட்டுக்கும் டிஃபரன்ஷியலுக்கும் மார்க் போட்டுக்கோங்க, அதே மாதிரி மாட்டலன்னா வைப்ரேஷன் வரலாம். ஷாஃப்ட் முனைல மடங்கற யூ ஜாயின்ட்டையும் கையால ஆட்டிப் பாருங்க, ஆட்டம் இருந்தா அதையும் மாத்திடுங்க.

பழைய ஸ்பேனர்:
யோக்க உருவினா பெட்டி பின்னாடி ஆயில் ஒழுகும், அடியில ட்ரே வைங்க. மாட்டி முடிச்சதும் இன்ஜின் சூடா ஓடிட்டு இருக்கறப்ப டிப்ஸ்டிக் பாத்து குறைஞ்சத ஊத்துங்க, உங்க மேனுவல் சொல்ற ஏடிஎஃப் மட்டும்.