சேலை வாங்கியவர் கூடுதல் பணம் கேட்டு மிரட்டுகிறார்: என்ன செய்வது?

கேள்வி: சின்னாளபட்டி சுங்குடி விற்பனையாளர்

அனைவருக்கும் வணக்கம். திண்டுக்கல் மாவட்டம் சின்னாளபட்டியிலிருந்து நான்கு ஆண்டுகளாகச் சுங்குடிச் சேலைகளை வாட்ஸ்அப்பிலும் இன்ஸ்டாகிராமிலும் விற்று வருகிறேன். தனியாகக் கடை கிடையாது. வீட்டின் முன்னறையில் சேலைகளை அடுக்கி வைத்து, நானே உடுத்திக் காணொளி எடுத்து, நானே பொட்டலம் கட்டிக் கூரியரில் அனுப்புகிறேன். நிறம் பிடிக்கவில்லை என்றும் தாமதமாக வந்தது என்றும் கோபப்பட்டவர்கள் இதற்கு முன்பும் உண்டு. அவர்களோடு பேசிச் சரிசெய்துவிட முடிந்தது. இப்போது நடப்பது அப்படிப்பட்டதன்று.

சென்ற மாதம் சென்னையைச் சேர்ந்த ஒருவர் அரக்கு நிறச் சேலை ஒன்றை 1,450 ரூபாய்க்கு வாங்கினார். பத்து நாள் கழித்து, முதல் அலசலிலேயே சாயம் இறங்கிவிட்டது என்றும், உடன் ஊறிய வெள்ளைச் சட்டை பாழாகிவிட்டது என்றும் வாளித் தண்ணீரின் படத்தோடு எழுதினார். முதல் இரண்டு மூன்று முறை கல் உப்புப் போட்ட தண்ணீரில் தனியாக அலச வேண்டும் என்று ஒவ்வொரு பொட்டலத்திலும் சீட்டு வைக்கிறேன். அதை நினைவூட்டிவிட்டு, இருந்தாலும் சேலையைத் திருப்பி அனுப்பினால் பணத்தைத் தந்துவிடுகிறேன் என்றேன். அவர் சேலையை அனுப்ப மறுத்து, சேலை விலையோடு மன உளைச்சலுக்காக 10,000 ரூபாயும் தர வேண்டும் என்றார்.

நான் மறுத்த நாளிலிருந்து இரவு பதினொன்றரை மணிக்கு மேல் குரல் பதிவுகள் வருகின்றன. ஒன்று 23 வினாடி ஓடுகிறது. "பொட்டலத்து மேலேயே உன் வீட்டு முகவரி இருக்கு. நீ சேலை கட்டி நிக்கிற படத்தை எப்படி மாத்திப் போடணும்னு எனக்குத் தெரியும். உன் பொண்ணு எந்த ஸ்கூல்னும் தெரியும்" என்கிறார். ஒரு காணொளியின் பின்புறம் கொடியில் என் மகளின் பள்ளிச் சீருடை காய்ந்துகொண்டிருந்தது. அதை வட்டமிட்டு அனுப்பியிருக்கிறார். அதைப் பார்த்த பிறகு எனக்குத் தூக்கம் இல்லை. கணவர் வெளிமாநிலத்தில் வேலை பார்க்கிறார்.

பணத்தைக் கொடுத்து முடித்துக்கொள்ளலாமா? எண்ணைத் தடை செய்துவிடலாமா? சாயம் இறங்கியது உண்மையாக இருந்தால், நான் புகார் கொடுக்கப் போய் அது என் மேலேயே திரும்பிவிடுமா? விவரம் தெரிந்தவர்கள் வழி சொல்ல வேண்டும்.

பதில்: கரூர் திரைச்சீலை வணிகர்

சகோதரி, பெண் பிள்ளை இருக்கும் வீடு. பத்தாயிரம் பெரிய தொகைதான். இருந்தாலும் காவல் நிலையம், நீதிமன்றம் என்று அலைவதை நினைத்தால் கொடுத்துவிட்டு எண்ணைத் தடை செய்வது நல்லது என்று எனக்குத் தோன்றுகிறது. உங்கள் நிம்மதியை மனத்தில் வைத்தே இதைச் சொல்கிறேன்.

பதில்: ஈரோடு போர்வை விற்பனையாளர்

மேலே எழுதிய நண்பரின் அக்கறை புரிகிறது. ஆனால் அதே வழியில் போய் அடிபட்டவன் என்ற முறையில் மறுக்க வேண்டியிருக்கிறது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒருவர், போர்வையில் கறை இருப்பதாகச் சொல்லி, என் பக்கத்தில் கேவலமாக எழுதுவேன் என்று மிரட்டினார். வீட்டில் திருமணம் நெருங்கிய நேரம் என்பதால் 3,000 ரூபாயை யூபிஐ வழியாக அனுப்பிவிட்டேன். சரியாக எட்டாம் நாள் 7,000 கேட்டார். தர மாட்டேன் என்றதும், "தப்பு இல்லைன்னா முதல்ல ஏன் குடுத்தே?" என்று நான் அனுப்பிய பணத்தின் ரசீதையே படமெடுத்து என் வாடிக்கையாளர்கள் சிலருக்கு அனுப்பினார். நான் வாயடைப்பதற்காகக் கொடுத்த பணம், என் குற்றத்தை நானே ஒப்புக்கொண்ட சான்றுபோல ஆகிவிட்டது. தங்கை, ஒரு ரூபாய்கூட அந்தக் கணக்கில் கொடுக்காதீர்கள்.

பதில்: வழக்கறிஞர், மதுரை

அம்மா, உங்கள் மூன்று கேள்விகளும் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதால்தான் இவ்வளவு அச்சம். அவற்றை இரண்டாகப் பிரித்துவிடுங்கள். சேலையில் குறை இருக்கிறதா என்பது வாங்கியவருக்கும் உங்களுக்கும் இடையிலான வணிகக் கணக்கு. அவர் விடுத்த மிரட்டல் குற்றம். முதலாவதில் அவர் பக்கமே முழு நியாயம் இருந்தாலும் இரண்டாவதைச் செய்யும் உரிமை அவருக்கு வந்துவிடாது; இரண்டாவதை அவர் செய்துவிட்டார் என்பதற்காக முதலாவதில் உங்களுக்குள்ள பொறுப்பும் நீங்கிவிடாது. ஒன்றுக்கான பதிலை மற்றொன்றில் கலக்காமல் இருந்தால், புகார் உங்கள் மேல் திரும்பும் என்று பயப்பட வேண்டியதில்லை.

முதலில் சேலை. 2020ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளின்படி, குறையுள்ள பொருளையோ சொன்ன தன்மை இல்லாத பொருளையோ திரும்பப் பெற மறுக்கவும் பணத்தைத் தர மறுக்கவும் விற்பவருக்கு வழி இல்லை. நீங்கள் மறுக்கவில்லை என்பது உங்களுக்குப் பெரும் பலம். எனவே இன்றே அவருக்கு ஒரே ஒரு செய்தி அனுப்புங்கள்: "சேலை பற்றிய புகாரைப் பெற்றுக்கொண்டேன். திருப்பி அனுப்பும் கூரியர் கட்டணத்தை நானே ஏற்கிறேன். சேலை வந்ததும் 1,450 ரூபாயும் நீங்கள் செலுத்திய அதே கணக்குக்குத் திரும்ப வரும். இதற்கு மேல் இழப்பீடு கேட்க விரும்பினால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணையோ மாவட்ட நுகர்வோர் ஆணையத்தையோ அணுகலாம்." இத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். "மிரட்டலை நிறுத்தாவிட்டால் போலீசில் சொல்வேன்" என்று எழுதவே வேண்டாம். அது பேரம் பேசுவதுபோல ஆகிவிடும். கோபத்தில் அவருடைய எண்ணையும் படத்தையும் உங்கள் பக்கத்தில் போட்டு அம்பலப்படுத்துவதும் வேண்டாம். இன்று உங்கள் கையில் இருக்கும் நியாயம் அவர் கைக்குப் போய்விடும்.

இனி மிரட்டல். பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 351ஆம் பிரிவு குற்றமுறு மிரட்டலைப் பற்றியது. பெண்ணின் கற்பின் மேல் பழி சுமத்துவதாக மிரட்டினால் அதன் 3ஆம் உட்பிரிவின்படி ஏழு ஆண்டுகள் வரை தண்டனை உண்டு. பெண்ணின் மாண்பை அவமதிக்கும் சொல்லுக்கும் செயலுக்கும் 79ஆம் பிரிவு இருக்கிறது. ஆனால் உங்கள் வழக்கில் நான் முதன்மையாகக் கருதுவது 308ஆம் பிரிவு, அதாவது மிரட்டிப் பணம் பறித்தல். பணம் கைமாறாவிட்டாலும், பறிக்கும் நோக்கத்தில் அச்சமூட்டுவதே அதன் 3ஆம் உட்பிரிவில் குற்றம். வெறும் மிரட்டல் என்று மனு கொடுத்தால் பிடியாணையின்றி நடவடிக்கை எடுக்க முடியாத குற்றம் என்று சொல்லி, பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள் என அனுப்பிவிட இடம் உண்டு. பணம் கேட்டு மிரட்டினார் என்பது அப்படியன்று. காவல்துறை நேரடியாக வழக்குப் பதியத்தக்கது. ஆகவே 10,000 ரூபாய் கேட்ட செய்தியும் அதன் நாளும் நேரமும் உங்கள் மனுவின் முதல் பத்தியிலேயே வர வேண்டும். சாய விவகாரத்தை மறைக்காமல், ஆனால் அதன் பிறகு எழுதுங்கள்.

பதில்: ஓய்வுபெற்ற சார்பு ஆய்வாளர்

வழக்கறிஞர் சொன்னதோடு, மனுவோடு என்ன கொண்டுபோக வேண்டும் என்பதைச் சொல்கிறேன், அம்மா. பணியில் இருந்தபோது இப்படி வருபவர்களில் பலர் அழுதுகொண்டு வந்து, "பயந்துபோய் எல்லாத்தையும் அழிச்சிட்டேன் சார்" என்பார்கள். அதற்குப் பிறகு எங்களாலும் அதிகம் செய்ய முடியாது.

எண்ணை உடனே தடை செய்யாதீர்கள். தடை செய்திருக்கும் காலத்தில் அவர் அனுப்புவது எதுவும் உங்களுக்கு வந்து சேராது. பின்னர் தடையை நீக்கினாலும் வராது. இரண்டு நாள் பொறுத்து, ஒலியை மட்டும் அணைத்து வைத்துவிட்டு, இருப்பதைப் பத்திரப்படுத்துங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பியவர் ஏறத்தாழ இரண்டரை நாளுக்குள் தம் செய்தியை இரு பக்கமும் அழித்துவிட முடியும் என்பதால், வரும் ஒவ்வொன்றையும் அன்றன்றே படமெடுங்கள். அவரைப் பெயரிட்டுச் சேமித்திருந்தால் திரையில் பெயர்தான் தெரியும். அவருடைய தொடர்பு விவரப் பக்கத்தைத் திறந்து எண் தெரியும்படி தனியாக ஒரு படம் எடுங்கள். எந்தப் படத்தையும் வெட்டாதீர்கள். நாளும் நேரமும் தெரிய வேண்டும். பிறகு முழு உரையாடலையும் குரல் பதிவுகளோடு ஏற்றுமதி செய்து உங்கள் மின்னஞ்சலுக்கே அனுப்பிக்கொள்ளுங்கள். ஒரு முறை மட்டும் பார்க்கக்கூடிய படம் வந்தால், திறக்கும்போதே வேறொரு கைபேசியால் அதைப் படம்பிடியுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, வழக்கு முடியும்வரை இந்தக் கைபேசியை விற்கவோ அழித்துப் புதுப்பிக்கவோ கூடாது.

மாவட்டந்தோறும் சைபர் குற்றக் காவல் நிலையம் இருக்கிறது, உங்களுக்குத் திண்டுக்கல். அவர் சென்னையில் இருக்கிறார், அங்கே போங்கள் என்று யாராவது சொன்னால் ஏற்க வேண்டாம்; எல்லை எதுவானாலும் தகவலைப் பெற வேண்டும் என்று புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆம் பிரிவே சொல்கிறது. தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்திலும் பதியலாம். 1930 என்ற எண் முக்கியமாகப் பணத்தை இழந்தவர்களுக்கானது. உங்களுக்குப் பணம் போகவில்லை என்பதால் இணையதளமும் நேரடி மனுவும் பொருந்தும். மனு கொடுத்ததும் சி.எஸ்.ஆர். ரசீதை, அதாவது மனுவைப் பெற்றுக்கொண்டதற்குக் காவல் நிலையம் தரும் ஒப்புகையை, கேட்டு வாங்காமல் வெளியே வராதீர்கள். வழக்குப் பதிய மறுத்தால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குத் தபாலில் அனுப்பவும் அதே 173ஆம் பிரிவில் வழி உண்டு. அவர் தெருவுக்கே வந்துவிட்டால் யோசிக்காமல் 112ஐ அழையுங்கள். மகளின் பள்ளித் தலைமையாசிரியரிடம் நாளைக் காலையே போய், உங்களையும் நீங்கள் பெயர் சொல்லும் ஒருவரையும் தவிர வேறு யாரோடும் பிள்ளையை அனுப்பக் கூடாது என்று எழுதிக் கொடுத்துவிடுங்கள். நானாக இருந்தால் காவல் நிலையத்துக்கு முன்பு அதைத்தான் செய்வேன்.

கேள்வி கேட்டவர்

ஐயா, சார், அண்ணா, மூவருக்கும் நன்றி. பள்ளிக்குப் போய் எழுதிக் கொடுத்துவிட்டேன். சீருடை தெரிந்த காணொளியையும் பக்கத்திலிருந்து நீக்கிவிட்டேன்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். நேற்று இரவு அதே சாயக் கூட்டில், அதாவது ஒரே தடவையில் கலந்த சாயத்தில், வந்த அரக்குச் சேலை ஒன்றின் முந்தியை, நனைத்த வெள்ளைத் துணியால் பத்து முறை தேய்த்துப் பார்த்தேன். மற்ற நிறங்களில் இலேசான தடம்தான் படியும்; இதில் துணி வெற்றிலைச் சாறுபோலச் சிவந்துவிட்டது. கல் உப்புத் தண்ணீரில் இரண்டு முறை அலசிய பிறகும் இறங்குகிறது. அவர் சொன்னது உண்மைதான். குறை என் சரக்கில் இருக்கிறது. இப்போது புகார் கொடுக்க எனக்குத் தகுதி இருக்கிறதா என்று மனம் உறுத்துகிறது.

பதில்: வழக்கறிஞர், மதுரை

தகுதி இருக்கிறது. சேலைக்கான பணத்தைச் சேலை வரும்வரை காத்திராமல் இன்றே அவருடைய அதே கணக்குக்கு அனுப்பிவிடுங்கள். குறை உறுதியான பிறகு அது அவருக்குச் சேர வேண்டியது. பாழான சட்டைக்கு நியாயமான விலை கேட்டால் அதையும் எழுத்தில் பேசலாம். பணம் அனுப்பும்போது குறிப்பில் "அரக்குச் சேலை விலை திருப்பம்" என்று எழுதுங்கள். ஈரோட்டு நண்பருக்கு நேர்ந்ததுபோல அந்த ரசீதுக்கு வேறு பொருள் கற்பிக்க முடியாமல் போகும். அதன் பிறகு மிரட்டல் மனுவை ஒரு சொல்லும் குறைக்காமல் கொடுங்கள். சாயம் இறங்கியதற்காகப் பள்ளிக்கூடத்துப் பிள்ளையைக் காட்டி அச்சுறுத்த எந்தச் சட்டத்திலும் இடம் இல்லை.

படத்தை உருமாற்றி எங்கேனும் போட்டால் அந்தத் தளத்தின் குறைதீர் அலுவலருக்கு நீங்களே எழுதுங்கள். சமூக ஊடகத் தளங்களுக்கான 2021ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்ப இடைநிலையாளர் விதிகளின்படி, உருமாற்றிய படங்களைப் பற்றிப் பாதிக்கப்பட்டவரே புகார் செய்தால் இரண்டு மணி நேரத்தைத் தாண்டாமல் அவற்றை நீக்க வேண்டும்; 2026 பிப்ரவரித் திருத்தத்துக்கு முன் இது 24 மணி நேரமாக இருந்தது.

பதில்: ஈரோடு போர்வை விற்பனையாளர்

முகவரி பற்றி ஒரு சொல். விற்பவரின் பெயரும் முகவரியும் இல்லாமல் பொருள் அனுப்ப முடியாது. மறைப்பது சரியும் அன்று. நான் அந்த அனுபவத்துக்குப் பிறகு கடைத்தெருவில் உறவினர் கடையின் ஒரு மூலையை மாதம் 800 ரூபாய்க்கு எடுத்து, பில்லிலும் பொட்டலத்திலும் அந்த முகவரியையே போடுகிறேன். திரும்பி வரும் சரக்கும் அங்கேயே வருகிறது. வணிகத்துக்கென்று தனி சிம்மும் வாங்கிவிட்டேன். இரவு எட்டு மணிக்கு அந்தக் கைபேசியை அணைத்து அலமாரியில் வைத்துவிடுவேன்.

பதில்: கரூர் திரைச்சீலை வணிகர்

சகோதரி, பணத்தைக் கொடுத்துவிடச் சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன். ஈரோட்டு அண்ணனுக்கு நேர்ந்ததைப் படித்த பிறகு அது தவறான யோசனை என்று தெரிகிறது.

கேள்வி கேட்டவர்: பதினைந்து நாளுக்குப் பிறகு

நடந்ததை எழுதக் கடமைப்பட்டிருக்கிறேன். 1,450 ரூபாயை அனுப்பிவிட்டு, மறுநாள் திண்டுக்கல்லில் மனு கொடுத்தேன். முதலில் "சேலைத் தகராறுதானே" என்றார்கள். முதல் பத்தியைக் காட்டி, 23 வினாடிப் பதிவைப் போட்டுக் காட்டியதும் உட்காரச் சொன்னார்கள். சி.எஸ்.ஆர். ரசீது அன்றே கிடைத்தது. அவரை அழைத்துப் பேசியிருக்கிறார்கள்; அன்றிரவிலிருந்து பதிவுகள் நின்றுவிட்டன. விசாரணை இன்னும் நடக்கிறது. சேலை திரும்பி வரவில்லை. அதை நான் கேட்கவும் இல்லை.

அதே அரக்குக் கூட்டில் வாங்கிய பதினொரு பேருக்கும் நானே எழுதி, விரும்பினால் பணம் திரும்பப் பெறலாம் என்று சொல்லிவிட்டேன். நால்வர் கேட்டார்கள்; கொடுத்துவிட்டேன். மீதியிருந்த பதினேழு சேலைகள் சாயப்பட்டறைக்கே போய்விட்டன.

ஒரே ஒரு ஐயம். குரல் பதிவுகளை நீதிமன்றத்தில் கொடுக்க ஏதோ சான்றிதழ் வேண்டும் என்று காவல் நிலையத்தில் சொன்னார்கள். அதை இப்போதே வாங்க வேண்டுமா?

பதில்: வழக்கறிஞர், மதுரை

புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதிநியமத்தின் 63ஆம் பிரிவில் சொல்லப்படும் சான்றிதழ் அது. ஒரு பகுதியில் கைபேசியை வைத்திருக்கும் நீங்கள் கையெழுத்திட வேண்டும். மற்றொரு பகுதியை நிபுணர் நிரப்புவார். மின்னணுப் பதிவைச் சான்றாக முன்வைக்கும்போது உடன் கொடுக்க வேண்டியது என்பதால் இன்று அவசரம் இல்லை. கைபேசியை மட்டும் மாற்றாமல் வைத்திருங்கள். காவல்துறை அதைக் கேட்டு வாங்கினால், வாங்கியதற்கான ஒப்புகையைப் பெற்றுக்கொள்ளுங்கள்.