அட்ஜுவன்ட் தெரபி: "துணை சிகிச்சை" போதுமா?

> துணை சிகிச்சை என்றே பழகிவிட்டது. இனி மாற்றுவானேன்?

வணக்கம் ஐயா,

அறுவைக்குப் பின் நோய் திரும்பாமலிருக்கத் தரும் அட்ஜுவன்ட் தெரபிக்கு அந்தச் சொல் யாருக்குப் பழகியது என்பதில்தான் என் தகராறு. சிறுநீரகப் புற்றுநோயாளிகளுக்கான குறிப்பேடு ஒன்றைத் தமிழாக்கி, சித்தியிடம் படிக்கக் கொடுத்தேன். "பெம்ப்ரோலிசுமாப் துணை சிகிச்சையாகத் தரப்படும்" என்ற இடத்தில் (அது உடலின் எதிர்ப்பாற்றலைத் தூண்டிவிடும் ஊசி மருந்து) நிமிர்ந்து, "துணைக்குத்தானே? போடாவிட்டால் பாதகமில்லையே?" என்றார். இரண்டு பக்கம் தள்ளி வாந்திக்கும் வலிக்கும் தரும் மருந்துகளையும் துணை சிகிச்சை என்றே எழுதியிருந்தேன். தப்பு என்னுடையது, சொல்லுக்கும் பங்குண்டு.

நோயாளியின் நிலையைப் பாருங்கள். கட்டியோடு சிறுநீரகத்தை எடுத்தாயிற்று, ஸ்கேனில் ஒன்றுமில்லை. ஆனாலும் கண்ணுக்குத் தப்பிய புற்றுநோய் உயிரணுக்கள் எங்காவது தங்கியிருக்குமோ என்ற ஐயம். இந்த நிலையில் இருந்தவர்களை வைத்துத்தான் கீநோட்-564 ஆய்வு நடந்தது. 994 பேர். மூன்று வாரத்துக்கு ஒருமுறை, அதிகபட்சம் 17 முறை ஊசி. ஏறத்தாழப் பாதிப் பேருக்கு மருந்துப்போலி, அதாவது மருந்தில்லாத ஊசி. 2024-ல் வெளியான கணக்குப்படி, 48 மாதத்தில் உயிருடன் இருந்தோர் மருந்து பெற்றவர்களில் 91.2%, போலி பெற்றவர்களில் 86%. இதைப் போய் "துணைக்கு" என்று சொல்ல மனம் வரவில்லை.

"பின்காப்பு" என்று ஒருவர் முன்மொழிந்திருந்தார். அறுவைக்கு முன் தரும் நியோ-அட்ஜுவன்ட்டுக்கு "முன்காப்பு" என்று ஜோடியும் அமைகிறது. அழகுதான், ஆனால் காப்பு என்பது வாக்குக் கொடுக்கும் சொல். போலி மட்டும் பெற்றவர்களிலும் பெரும்பாலோர் பிழைத்திருக்கிறார்கள். மருந்து பெற்றும் சிலருக்கு நோய் திரும்பியது. சிலருக்குத் தைராய்டு, அட்ரினல் சுரப்பிகள் கெட்டன. இதே கட்டத்தில் நிவோலுமாப், இபிலிமுமாப் என்ற அதே வகை மருந்துகள் இரண்டையும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்த செக்மேட்-914 ஆய்வில் பலனே தெரியவில்லை. அந்த ஆய்வின் ஒப்புதல் படிவத்தில் "காப்பு" என்று அச்சிட்டிருந்தால் கையெழுத்துப் போட்டவர் என்ன நினைத்திருப்பார்?

"மேல்சிகிச்சை" வேண்டாம், நாளிதழ்களில் அது பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவது. "எச்ச சிகிச்சை" பொருளுக்கு நெருக்கம்தான், ஆனால் வினையெச்சம் படித்தவர்களைத் தவிர எல்லோருக்கும் காக்கைதான் நினைவுக்கு வரும்.

என் பரிந்துரை: மீள்தடுப்பு சிகிச்சை.

---

> என் பரிந்துரை: மீள்தடுப்பு சிகிச்சை.

தம்பி,

காப்பு வாக்குக் கொடுக்கிறது என்றால் தடுப்பு மட்டும் என்னவாம்? நியோ-அட்ஜுவன்ட்டுக்கு என்ன செய்வீர்கள்?

---

ஐயா, தடுப்பணையைத் தாண்டியும் வெள்ளம் வரும் என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும். தடுப்பூசி போட்டும் காய்ச்சல் வந்தால் யாரும் அகராதியைக் குறை சொல்வதில்லை. தடுப்பு என்றால் முயற்சி. அந்த அளவு போதும். நியோ-அட்ஜுவன்ட் பெரும்பாலும் கட்டியைச் சுருக்கி அறுவைக்கு வழி செய்வது. வேலை வேறு என்பதால் ஜோடிப் பெயர் தேவையில்லை. "அறுவைமுன் சிகிச்சை" என்று நேராகச் சொல்லிவிடலாம்.

---

தம்பி, பாதி மனத்தோடு ஒப்புக்கொள்கிறேன். மருத்துவர்களுக்கான பதிப்பில் பழைய சொல்லையும் அருகில் போடுங்கள்.

அந்தக் குறிப்பேட்டில் டிசீஸ்-ஃப்ரீ சர்வைவலுக்கு "நோயற்ற வாழ்வு" என்று எழுதியிருக்கிறீர்கள். மளிகைக்கடைக் காலண்டரில் குறைவற்ற செல்வத்துக்கு மேல் வரியாக வருவது அது. இங்கே அளப்பது நோய் திரும்பாமலும் ஆள் சாகாமலும் கடந்த காலத்தை. "நோய் மீளாக் காலம்" என்று வைத்தால் சாவு விடுபடுகிறது. "நோய்மீளா உயிர்வாழ்வு" என்றால் நாக்கு சுளுக்குகிறது. சித்தியிடம் இரண்டையும் படித்துக் காட்டி, என்ன சொன்னார் என்று எழுதுங்கள்.