மறு: கவுண்டர்வெயிட்டுக்குத் தமிழ் (புதன்கிழமைக்குள் வேண்டும்)

ஏட்டுச்சுரை:
வணக்கம். மாஸ்டா ஆர்எக்ஸ்-7 காரின் பட்டறைக் கையேட்டில் ஓர் அத்தியாயம் தமிழாகிறது. ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸோடு வந்த 13பி ரோட்டரி எஞ்சினை (பிஸ்டனுக்குப் பதில் ரோட்டர் சுழலும் எஞ்சின்) மேனுவல் கியர்பாக்ஸுக்கு மாற்றும் பகுதி. ஆட்டோமேட்டிக்கில் எஞ்சின் தண்டின் பின்முனையில், சுழற்சியைச் சமன்படுத்தும் எடையான கவுண்டர்வெயிட் தனித்துண்டு. அதன்மேல், எஞ்சின் விசையைக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டரைத் தாங்கும் மெல்லிய ஃப்ளெக்ஸ் பிளேட். கம்பெனியின் மேனுவல் ஃப்ளைவீலில் (தண்டு முனையில் பூட்டும் சக்கரம்) அந்த எடை வார்ப்போடு வார்ப்பாக இருக்கும். ஃப்ளைவீலுக்குச் 'சமன்சக்கரம்' என்று முன் அத்தியாயங்களில் போட்டாயிற்று. கவுண்டர்வெயிட்டுக்குச் 'சமனெடை', பிளேட்டுக்கு 'நெகிழ்தகடு'. சரிதானா?

வல்லினம்:
நெகிழி என்றாலே பிளாஸ்டிக் என்று ஆகிவிட்ட காலம். நெகிழ்தகட்டைப் பிளாஸ்டிக் தகடு என்றே படிப்பார்கள். 'வளைதகடு' வினைத்தொகை. வளைந்த, வளைகின்ற, வளையும் மூன்றும் அதற்குள் அடக்கம். வளைந்த தகடு என்று எண்ணி ஒருவர் காயலான் கடைக்கு அனுப்பினால் யார் பொறுப்பு? 'ஒசிதகடு' எனலாம். ஒசிதலுக்கு வளைதலும் பொருள், முறிதலும் பொருள். போல்ட் ஓட்டையருகே விரிசல் விடும் தகட்டுக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் ஏது?

சமனெடை வேண்டாம். 'சமம்' வடசொல். எதிரெடை என்க.

தூக்குக்கோல்:
சமன்செய்து சீர்தூக்கும் கோல் வள்ளுவரிடமே இருக்கிறது. அவரையும் தனித்தமிழ்த் தேர்வில் தோற்கடித்துவிடுவீர்களோ?

எண்ணெய்க்கடைச் சொல் ஒன்று சும்மா கிடக்கிறதே: தடை. வெறும் பாத்திரத்தின் எடைக்கு ஈடாக மறுதட்டில் கல் வைப்பதைத் 'தடை கட்டுவது' என்பார்கள். தடைக்கல்!

பட்டறை:
தடைக்கல் என்று அச்சிட்டால், இடைஞ்சல் என்று கழற்றி எறிவார்கள். அதுதான் நடக்கவே கூடாதது.

இரண்டு ரோட்டர்களும் ஒன்றுக்கொன்று 180 பாகை தள்ளி அமைந்து சுற்றுவதால் விசைகள் ஈடாகிவிடும். ஆனால் இரண்டும் தண்டில் முன்னும் பின்னுமாக இருப்பதால் எஞ்சினை ஆட்டும் திருகல் எஞ்சும். அதை அடக்கத்தான் கவுண்டர்வெயிட் முன்னே ஒன்று, பின்னே ஒன்று. ரோட்டர் எடை ஆண்டுக்கு ஆண்டு மாறியது: 1986–88, 1989–91, 1993–95 கவுண்டர்வெயிட்டுகள் ஒன்றுக்கொன்று பொருந்தா. மாற்றிப் போட்டால் அதிரும், பேரிங் தேயும்.

எடைகுறைந்த ஸ்டீல், அலுமினிய ஃப்ளைவீல்களில் பெரும்பாலானவற்றில் அந்த எடை கிடையாது. அவற்றைப் பூட்ட ஆட்டோமேட்டிக்கின் தனித்துண்டே வேண்டும். மேனுவல் எஞ்சின் வைத்திருப்பவர் அதைக் காசு கொடுத்து வாங்க வேண்டும். ஆட்டோமேட்டிக் எஞ்சினிலோ அந்த ரோட்டருக்குச் சரியானது ஏற்கெனவே மாட்டியிருக்கிறது. கம்பெனி ஃப்ளைவீல் என்றால் மட்டும் அதைக் கழற்றிவிட வேண்டும். ஆகவே 'தனி' என்ற அடைமொழி இல்லாமல் எந்தச் சொல்லும் பயன்படாது.

ஏட்டுச்சுரை:
தனி எதிரெடை? கழற்றும் பகுதியையும் ஒருமுறை சரிபாருங்கள் ஐயா.

பட்டறை:
நட் 54 மி.மீ. முழுக்கக் கழற்றாதீர்கள், சில புரி தளர்த்தி அப்படியே விடுங்கள். தண்டு முனை கூம்பு. புல்லர் (இழுத்துக் கழற்றும் கருவி) போட்டு இறுக்கித் தட்டினால் எடை 'டப்' என்று விடும். நட் இல்லையென்றால் காலில் விழும். திரும்பப் பூட்டும்போது சாவி (தண்டில் எடை நழுவாமல் பிடிக்கும் சிறு உலோகத் துண்டு) காடியில் உட்கார்ந்ததா பாருங்கள். கூம்பில் எண்ணெய்ப் பசை ஆகாது. புரிக்கு லாக்டைட் பசை, நட்டின் முகத்துக்கு சீலண்ட். இல்லையேல் சாவிக் காடி வழியே எண்ணெய் கசியும். முறுக்கு 392–490 நியூட்டன் மீட்டர்.

ஆட்டோமேட்டிக் தண்டின் முனையில் பைலட் பேரிங் இருக்காது. ஊசி பேரிங்கும் அதன் சீலும் வாங்கி அடித்து இறக்குங்கள். மறந்தால் கியர்பாக்ஸின் உள்தண்டு பிடிப்பில்லாமல் ஆடும். பிறகு எல்லாவற்றையும் மறுபடி இறக்க வேண்டும். வரைவில் பைலட் பேரிங்கை 'விமானித் தாங்கி' என்று எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து மாற்றுங்கள்.

வல்லினம்:
முனைத்தாங்கி.

சில்லு:
யாழ்ப்பாணத்திலயிருந்து ஒரு சொல். கிணத்துத் துலாவின்ர அடியில பாரத்துக்குக் கல்லுக் கட்டுவினம். வாளித் தண்ணி மேல வர அந்தப் பாரம் கீழ இறங்கும். 'அடிப்பாரம்' எண்டு வையுங்கோவன். ஃப்ளைவீலையும் சக்கரம் எண்ட வேண்டாம், சில்லு எண்டுங்கோ.

தூக்குக்கோல்:
துலாக்கோலிலும் இதே துலாதான். துலா வடசொல்லா, தூக்கு என்பதன் திரிபா என்று பார்த்தால்…

பட்டறை:
பார்க்க வேண்டாம். துலாவில் பாரம் ஏறி இறங்கும். இது தண்டோடு சேர்ந்து சுற்றும்.

ஏட்டுச்சுரை:
நால்வரில் மூவர் 'தனி எதிரெடை'க்கு இசைவு என்று எடுத்துக்கொள்கிறேன். பிளேட்டுக்கு 'ஃப்ளெக்ஸ் தகடு', பேரிங்குக்கு 'முனை பேரிங்'. நாளைக் காலை அனுப்புகிறேன்.

வல்லினம்:
முனை பேரிங்! பாதி மீன், பாதி பாம்பு.

தூக்குக்கோல்:
அந்த மூவரில் என்னைச் சேர்த்திருந்தால் நீக்கிவிடுங்கள். எதிரெடை என்றால் பகைத்து நிற்பது, இது ஈடுகட்டுவது. 'ஈட்டெடை' என்று அடிக்குறிப்பிலாவது போடுங்கள். இரட்டிக்கும் டகரம் விடுபடக்கூடாது.