மறு: ஃபோர் வீல் டிரைவுக்கு ‘நான்கிழுவை’

அனைவருக்கும் வணக்கம்.

ஃபோர் வீல் டிரைவுக்கு, அதாவது எஞ்சின் விசை நான்கு சக்கரங்களுக்கும் போகும் அமைப்புக்கு, தமிழ்ச்சொல் தேடும் நம் குழும இழை நீண்டுகொண்டே போகிறது. நான் முன்வைத்த ‘நான்கிழுவை’ என்ற சொல் எங்கே தேவைப்படுகிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

இங்கே பெங்களூரு அல்சூரில் ஒரு பட்டறையில் நண்பர் ஒருவர் தன் டாட்ஜ் டபிள்யூசி-52 லாரியை மறுபடி ஓட வைக்கப் பாடுபட்டுக்கொண்டிருக்கிறார். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க ராணுவத்துக்காகச் செய்த முக்கால் டன் வண்டி; ஆறு சிலிண்டர், 92 குதிரைத்திறன், முன்னால் வின்ச் (கம்பிவடத்தைச் சுற்றி இழுக்கும் உருளை). அந்தப் போரின்போது நம் ஊர் ஹிந்துஸ்தான் ஏர்கிராஃப்ட் ஆலையே அமெரிக்க விமானப்படைக்குப் பழுதுபார்க்கும் தளமாக இருந்தது. போர் முடிந்ததும் அமெரிக்க வண்டிகள் நாடெங்கும் டிஸ்போசலில், அதாவது ராணுவ உபரி விற்பனையில், விலைபோயின. பிறகு அவற்றில் பெரும்பாலானவை காயலான் கடைக்குப் போய்விட்டன.

பட்டறையில் வேலை செய்யும் பையன்கள் கிருஷ்ணகிரி, தர்மபுரிப் பக்கம். அவர்களுக்காகப் பராமரிப்புக் குறிப்புகளைத் தமிழில் அச்சடித்துச் சுவரில் ஒட்டப் போகிறோம். ஸ்பானரைக் கையில் வைத்துக்கொண்டு படிக்கிறவனுக்கு உடனே விளங்க வேண்டும். என் அளவுகோல் அது ஒன்றுதான்.

> ‘நான்கு சக்கர இயக்கம்’ என்றே வைத்துக்கொள்ளலாமே, எல்லாருக்கும் புரியும்.

புரியாது ஐயா, சிக்கலே அங்கேதான் இருக்கிறது. நான்கு சக்கர வாகனம் என்றால் நம் மக்களுக்குக் கார். டிரைவிங் ஸ்கூல் பலகை முதல் செய்தித்தாள் வரை அப்படித்தான் புழங்குகிறது. அம்பாசடருக்கும் நான்கு சக்கரம், மாருதி 800-க்கும் நான்கு சக்கரம். ஆனால் அம்பாசடரில் எஞ்சின் விசை போவது பின்னால் இருக்கும் இரண்டுக்கு, மாருதியில் முன்னால் இருக்கும் இரண்டுக்கு. இந்த டாட்ஜில் நான்குக்குமே போகும். ‘எத்தனை சக்கரம்’ என்பதைச் சொல் காட்டத் தேவையில்லை, ‘எத்தனை இழுக்கிறது’ என்பதைக் காட்டினால் போதும். அதனால்தான் நான்கிழுவை என்கிறேன்.

இதில் எனக்குப் பிடித்தது, சொல் குடும்பமாக வளர்வது. அம்பாசடர் பின்னிழுவை, மாருதி முன்னிழுவை. ராணுவ லாரிகளில் 4×4, 6×6 என்று எழுதுகிறார்களே, அதில் முதல் எண் மொத்தச் சக்கரம், இரண்டாவது எண் விசை பெறும் சக்கரம். இதே டாட்ஜ் வரிசையில் வந்த டபிள்யூசி-63 ஆறிழுவை. புதிதாக எதையும் விளக்க வேண்டியதில்லை.

> பின் சக்கரம் தள்ளத்தானே செய்கிறது, அது எப்படி இழுவை ஆகும்?

டெல்லி நண்பரின் கேள்வி நியாயமானது. ஆனால் பின் சக்கரத்தால் ஓடும் லாரி மேட்டில் திணறினாலும் ‘வண்டியில இழுவையே இல்லை’ என்றுதான் எந்த டிரைவரும் சொல்வார். பேச்சில் இழுவை என்பது திசை அல்ல, திறன். இழுவை வண்டி என்றால் டிராக்டர் ஆகிவிடாதா என்றும் கேட்டிருந்தீர்கள். முன்னால் எண் வந்துவிட்டால் அந்தக் குழப்பம் வராது.

அடுத்தது டிரான்ஸ்ஃபர் கேஸ், அதாவது கியர்பாக்ஸிலிருந்து வரும் விசையை முன்னும் பின்னும் அனுப்பும் பெட்டி. ‘மாற்றுப் பெட்டி’ என்ற பரிந்துரையை நான் ஏற்கவில்லை. மாற்று என்றால் ஸ்பேர் என்று எடுத்துக்கொள்வார்கள். பையன் ஸ்டோருக்குப் போய் வேறொரு கியர்பாக்ஸைத் தேடுவான். ‘தாழ்விசைப் பெட்டி’யும் சரிவராது. பல ஜீப்புகளில் இந்தப் பெட்டிக்குள் மேடேறத் தனியாக ஒரு தாழ்ந்த கியர் உண்டு என்பது உண்மை. ஆனால் இந்த முக்கால் டன் டாட்ஜில் அது கிடையாது, ஒரே வேகம்தான். எல்லா வண்டியிலும் பொதுவாக இருப்பது ஒன்றே: கியர்பாக்ஸிலிருந்து வரும் விசையை முன் ஆக்சிலுக்கும் பின் ஆக்சிலுக்கும் பகிர்ந்து கொடுப்பது. அதனால் ‘பகிர்பெட்டி’.

பையன்களுக்கு இது ஏன் முக்கியம் என்றால், இந்தப் பகிர்பெட்டிக்குள் டிஃபரன்ஷியல் (இரண்டு தண்டுகளை வேறு வேறு வேகத்தில் சுழலவிடும் பல்லமைப்பு) இல்லை. நான்கிழுவை லீவரைப் போட்டதும் முன் ஆக்சிலுக்குப் போகும் தண்டும் பின் ஆக்சிலுக்குப் போகும் தண்டும் ஒன்றாகப் பூட்டிக்கொள்ளும். வளைவில் முன் சக்கரங்கள் பின் சக்கரங்களைவிட அதிக தூரம் ஓட வேண்டும். சேற்றிலும் மணலிலும் டயர் சற்று வழுக்கி அந்த வித்தியாசத்தைச் சரிக்கட்டிவிடும். காய்ந்த தார் ரோட்டில் வழுக்க இடமில்லாததால் முறுக்கம் முழுக்க ஜாயிண்டிலும் கியர் பற்களிலும் போய் ஏறும். இந்த வண்டியின் பெட்டியைத் திறந்தபோது அடியில் தேங்கிய ஆயிலில் விரலை விட்டால் மினுமினுவென்று இரும்புத்தூள் ஒட்டியது. முன் தண்டுப் பல்லின் ஓரங்கள் உளிபட்டதுபோல் உடைந்திருந்தன. இப்போது அந்தப் பல்லைப் புதிதாக வெட்டித்தர ஜே.சி. ரோடு பக்கம் லேத்துக்காரர் ஒருவர் ஒப்புக்கொண்டிருக்கிறார். ஆகவே சுவர்த்தாளின் முதல் வரி இப்படி இருக்கும்: ‘தார் ரோட்டில் நான்கிழுவை போடாதே.’ இதையே ‘நான்கு சக்கர இயக்கத்தைப் பயன்படுத்தற்க’ என்று எழுதிப் பாருங்கள், யாரும் நின்று படிக்க மாட்டார்கள்.

ரெஸ்டொரேஷனுக்கு ‘மீட்டெடுப்பு’ என்று ஒரே சொல்லை வைப்பதில் எனக்குக் கவலை உண்டு. வண்டியை ஓட வைப்பது ஒரு வேலை. பெயிண்டைச் சுரண்டிப் புதுசுபோல ஆக்குவது இன்னொரு வேலை. இருக்கிற பழமையைக் கெடாமல் காப்பது மூன்றாவது வேலை. பழைய வண்டிகளுக்கான உலகக் கூட்டமைப்பு ஃபீவா 2012-ல் ஏற்ற டூரின் சாசனமும் இவற்றைத் தனித்தனியாகத்தான் பேசுகிறது. நம் கோயில்களில் திருப்பணி என்று மணல் வீச்சு அடித்துக் கல்வெட்டு எழுத்துகளே தேய்ந்துபோனதை மறக்க முடியாது. இந்த பானெட்டின் பக்கவாட்டில் நீல பெயிண்டை ஈர எமரித்தாளால் மெல்லத் தேய்த்தபோது அடியில் ராணுவப் பச்சையும், அதன்மேல் பழைய எண் ஒன்றின் தடமும் தெரிந்தன. பட்டி வைத்து ஸ்ப்ரே அடித்தால் வண்டி பளபளக்கும், அந்த எண் போய்விடும்.

எனவே ஓட வைப்பதற்கு ‘ஓட்டமீட்பு’, புதுசாக்குவதற்குப் ‘புதுக்கல்’, காப்பதற்குப் ‘பேணல்’ என்று மூன்றாகப் பிரிக்கலாம் என்பது என் முன்மொழிவு. இந்த டாட்ஜுக்கு ஓட்டமீட்பும் பேணலும் மட்டும் போதும் என்று நண்பரிடம் உறுதியாகச் சொல்லியிருக்கிறேன். ஓட்டமீட்பு என்ற சொல் சற்று இறுக்கமாக இருப்பது தெரிகிறது; இதைவிட நல்லது இருந்தால் மகிழ்ச்சியோடு ஏற்றுக்கொள்வேன்.

கிளட்ச், பிரேக், டிஃபரன்ஷியல் போன்றவற்றை இப்போதைக்குத் தமிழ் எழுத்தில் அப்படியே விடுவோம். அவை எல்லார் வாயிலும் பழகியவை, குழப்பமும் தருவதில்லை.

நான்கிழுவை, பகிர்பெட்டி இரண்டுக்கும் மறுப்பு இருந்தால் இந்த வாரத்துக்குள் எழுதுங்கள். அடுத்த வாரம் தாள் அச்சுக்குப் போகிறது. கோவை, நீலகிரிப் பக்கம் எஸ்டேட் ஜீப் ஓட்டியவர்கள் குழுமத்தில் இருந்தால் நான்கிழுவை போடும் லீவரை அங்கே என்ன சொல்லி அழைப்பீர்கள் என்றும் தெரிவியுங்கள். அங்கே ஏற்கெனவே நல்ல சொல் ஒன்று புழக்கத்தில் இருந்தால் தாளில் அதையே போட்டுவிடலாம்.

அன்புடன்,
அல்சூரிலிருந்து