கருகின புல்லும் பெரியமாமாவின்ர கணக்கும்

குழு: எங்கட குடும்பம்

ஓகஸ்ட் 3, ஞாயிறு

கோபி (மார்க்கம், கனடா): பெரியமாமா, முன்வளவுப் புல்லு வைக்கோல் மாதிரிப் போட்டுது. படம் போட்டிருக்கிறன், பாருங்கோ. வீடு வாங்கி முதல் கோடை, பார்க்கவே மனம் கேக்குதில்லை.

பெரியமாமா: கோடு கோடா எரிஞ்சிருக்கே. பசளை போட்டனியோ?

கோபி: ஓம் மாமா, போன கிழமை. 5 கிலோப் பை, 20-0-5 எண்டு போட்டிருந்தது. முழுசையும் போட்டன். அதுக்கு முதல்நாள் ஒட்ட வெட்டினனான், ரெண்டு கிழமைக்கு வெட்டத் தேவையில்லை எண்டு நினைச்சு.

பெரியமாமா: வளவு எவ்வளவு?

கோபி: 20க்கு 30 அடி.

பெரியமாமா: அப்ப 600 சதுர அடி. பையில முதல் இருக்கிற 20 எண்டது நூற்றுக்கு 20 பங்கு நைதரசன். 5 கிலோவில 1 கிலோ நைதரசன் வரும். 1000 சதுர அடிக்கு ஒருமுறைக்கு 450 கிராம் நைதரசன் போதும். உன்ர வளவுக்கு 270 கிராம், அதாவது பையில 1.35 கிலோதான். நீ கிட்டத்தட்ட நாலு மடங்கு போட்டிருக்கிறாய், அதுவும் வெக்கையில. முதல் வேலையா ரெண்டு மூண்டு நாள் நல்லாத் தண்ணி விடு. பசளை உப்பு வேருக்குக் கீழ இறங்கவேணும்.

சித்தி (யாழ்ப்பாணம்): வெயில் காலத்திலதானே அண்ணை புல்லு படரும்? இங்க எங்கட அறுகு நல்லாக் கிளம்பி நிக்குது.

பெரியமாமா: அறுகு சூட்டை விரும்பிற புல்லு பிள்ளை. இங்க முத்தத்தில போடுறது கென்டக்கி புளூகிராஸ், ரைகிராஸ், பெஸ்கியூ. எல்லாம் குளிர்ச்சாதி. 15 தொடக்கம் 24 பாகை வரைக்கும்தான் இலை நல்லா வரும். யூலை, ஓகஸ்டில தண்ணி குறைஞ்சால் தானாவே உறங்கிப்போகும். உறங்கிற புல்லுக்குச் சாப்பாடு தீத்தக்கூடாது.

கோபி: செத்துப்போச்சோ உறக்கமோ எண்டு எப்பிடி மாமா தெரியும்?

பெரியமாமா: கீழ குந்தி இருந்து ஒரு பிடி புல்லை இழுத்துப் பார். பாய் சுருட்டின மாதிரி வேரில்லாமல் கழண்டு வந்தால் கீழ வேர் தின்னிற வெள்ளைப் புழு இருக்குது. அந்தப் புழுவைத் தேடி இரவில ரக்கூன் எண்ட மிருகம் கிண்டின அடையாளமும் இருக்கும். கழண்டு வராமல், அடியைப் பிரிக்க வெள்ளையாவோ இளம்பச்சையாவோ இருந்தால் உயிர் இருக்கு.

கோபி: இழுத்தன். வரேல்லை. அடி வெள்ளையா இருக்கு. எரிஞ்ச கோட்டில மட்டும் ரெண்டு இடம் அடியும் மண்ணிறம்.

பெரியமாமா: அந்த ரெண்டு இடமும் போச்சு. அதுக்குப் பிறகு விதை போடலாம். இன்னொண்டு பார். இலை நுனி நேரா வெட்டுப்பட்டிருக்கோ, நார் நாராக் கிழிஞ்சு வெளிறிக் கிடக்கோ?

கோபி: நார் நாரா.

பெரியமாமா: புல்லு வெட்டிற மெசின்ர கத்தி மொட்டை. வெட்டேல்லை, கிழிச்சிருக்கு. இனி உயரத்தைக் கூட்டி 3 இஞ்சியில வை. ஒரு வெட்டில மூண்டில ஒரு பங்குக்கு மேல எடுக்காதை. ஒட்ட வெட்டினால் வேரும் கட்டையாப் போகும், பிறகு எங்கால தண்ணி குடிக்கும்? வெட்டின புல்லைப் பையில கட்டி எறியாதை, அங்கயே விடு. வருசத்துக்குத் தேவையான நைதரசனில கால்வாசி அதிலயே திரும்பி வரும்.

ராணி மாமி (ஸ்காபரோ): எனக்கு இந்த மஞ்சள் பூக் களைதான் கரைச்சல். முந்தி மருந்தொண்டு அடிச்சனாங்கள்.

பெரியமாமா: அது ஒன்ராறியோவில 2009 ஏப்ரிலோட வீட்டுப் புல்லுக்குத் தடை. இப்ப விக்கிறது இரும்பு கலந்தது, களையின்ர இலை கறுத்துப்போகும். மழை பெய்த அடுத்தநாள் வேரோட கிண்டி எடுக்கிறதுதான் எனக்குப் பிடிச்ச வழி. புல்லு உயரமா, நெருக்கமா நிண்டால் களைவிதைக்கு வெளிச்சம் கிடையாது.

செப்டெம்பர் 7, ஞாயிறு

பெரியமாமா: கோபி, இப்பதான் உன்ர நேரம். மண் இன்னும் சூடு, காத்துக் குளிர். எரிஞ்ச இடத்தை வாரியால கீறி விதையைப் போடு. முளைக்குமட்டும் மேல்மண் காயக்கூடாது, ஒருநாளைக்கு ரெண்டு தரம் லேசாத் தெளி. மற்றப் பக்கம் பசளை 1.35 கிலோ. தராசில நிறுத்துப் போடு. பாதியைக் கிழக்கு மேற்காயும் மீதியைத் தெற்கு வடக்காயும் தூவினால் கோடு விழாது.

கோபி: ஏப்ரிலிலயும் போடவேணுமோ மாமா?

பெரியமாமா: அவசரப்படாதை. பனி கரைஞ்ச கையோட போட்டால் எல்லாம் இலைக்குத்தான் போகும், நாலு நாளைக்கொருக்கா வெட்டிக்கொண்டு நிப்பாய். மே கடைசியில ஒண்டு, செப்டெம்பரில ஒண்டு. ரெண்டில ஒண்டைத்தான் போடலாம் எண்டால் செப்டெம்பரைப் பிடி. இப்ப போடுறதுதான் வேருக்கும் பக்கக் கன்றுக்கும் போய்ச் சேரும்.

ஒக்டோபர் 12, ஞாயிறு

கோபி: மாமா, படம் பாருங்கோ. விதைச்ச இடம் மயிர் மாதிரி மெல்லிசா வந்திட்டுது!

ராணி மாமி: அட, நல்ல பச்சை!

பெரியமாமா: சந்தோசமடா. மேப்பிள் இலை கொட்டத் தொடங்கிட்டுதே, அதை மூடிக் கிடக்க விடாதை. மெசினை மேல ரெண்டு தரம் ஓட்டினால் பொடியாகி மண்ணுக்குப் போகும். வளர்ச்சி நிக்கிற நேரம் கடைசி வெட்டை இரண்டரை இஞ்சிக்கு இறக்கு. நீட்டாப் படுத்துக் கிடந்தால் பனிக்குக் கீழ பூஞ்சணம் பிடிக்கும்.

கோபி: சரி மாமா. கத்தி?

பெரியமாமா: கடைசி வெட்டு முடியக் கழட்டிக்கொண்டு வா, அரத்தால தீட்டித் தாறன். முதல் பிளக் வயரைக் கழட்டிப்போட்டுத்தான் கத்தியில கை வைக்கவேணும், மறந்திடாதை.