கடல் கடந்து வரும் பழைய பொருளுக்கு எத்தனை முறை வரி? – வேலூர் வட்டார அனுபவங்கள்

சத்துவாச்சாரியிலிருந்து:

ஜப்பானில் பழைய கேமராக்கள் விற்கும் கடை ஒன்றிலிருந்து, 1970களில் செய்யப்பட்ட லென்ஸ் ஒன்றை இணையம் வழியாக வாங்கினேன். அந்த நாட்டுக் கடைக்காரர்கள் பொருளின் நிலையை எழுதும் விதமே தனி. கண்ணாடியின் ஓரத்தில் ஒரு தூசி இருந்தாலும் படத்தோடு சொல்லிவிடுவார்கள். ஜப்பானில் வாங்குபவர் 10% நுகர்வு வரி கட்ட வேண்டும். ஏற்றுமதிக்கு அந்த வரி இல்லை. ஆகவே அங்கே எனக்கு வரி விழவில்லை. இங்கேதான் விழுந்தது.

பொதி வருவதற்கு முன்பே சென்னை வெளிநாட்டு அஞ்சல் அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. விலைப் பட்டியல், பணம் செலுத்தியதற்கான சான்று, அடையாள அட்டை நகல் ஆகியவற்றைக் கேட்டிருந்தார்கள். கடைக்காரரின் பட்டியலோடு, அந்த விற்பனைப் பக்கத்தையும் வங்கிக் கணக்கில் அந்தப் பணம் போன பதிவையும் அச்செடுத்து அனுப்பினேன். நான் கொடுத்த விலையையே ஏற்றுக்கொண்டு வரி போட்டார்கள். தபால்காரரிடம் பணத்தைக் கட்டிப் பொதியை வாங்கிக்கொண்டேன்.

பலருக்குப் புரியாதது கணக்குதான். பொருள் 12,000 ரூபாய், அனுப்பும் செலவு 3,000 ரூபாய் என்றால் 15,000 ரூபாய்க்கு வரி. சுங்க வரி 10% என்று வைத்துக்கொண்டால் 1,500. அந்த 1,500இன் மேல் சமூக நலக் கூடுதல் தீர்வை 10%, அதாவது 150. இப்போது தொகை 16,650 ஆகிவிட்டது. இறக்குமதிப் பொருளுக்குப் போடும் ஜி.எஸ்.டி.யான ஐ.ஜி.எஸ்.டி. இந்தத் தொகையின் மேல்தான் வருகிறது. 18% என்றால் 2,997. ஆக மொத்தம் 4,647 ரூபாய். வரிக்கும் வரி, தபால் செலவுக்கும் வரி. விகிதங்கள் பட்ஜெட்டுக்கு பட்ஜெட் மாறுகின்றன. கணக்குப் போடும் முறை மாறுவதில்லை. சொந்த உபயோகப் பொருள்களுக்கு 35% சுங்க வரியும் 28% ஐ.ஜி.எஸ்.டி.யும் இருந்த காலத்தில் இதே முறையில் 77.28% வந்தது. பொருளைவிட வரி பெரிதோ என்று திகைக்க வைத்த காலம் அது.

வரி கட்ட எனக்கு மனக்குறை இல்லை. ஆனால் ஐம்பது ஆண்டுகளுக்கு முன் ஒருவர் வாங்கி, அன்றே உரிய வரிகளைச் சுமந்துவிட்ட பொருளுக்கு மறுபடியும் முழு விலைக்கும் வரி ஏன்? உங்கள் அனுபவங்களையும் எழுதுங்கள்.

காட்பாடியிலிருந்து:

வரிக் கணக்கு எழுதுவது என் தொழில். ஐயா கேட்ட கேள்வியை என் வாடிக்கையாளர்களும் கேட்கிறார்கள். உள்நாட்டில் இதற்கு ஓர் ஏற்பாடு இருக்கிறது. பழைய பொருள் வியாபாரி ஒரு வீட்டிலிருந்து கேமராவை 10,000 ரூபாய்க்கு வாங்கி, பெரிய மாற்றம் எதுவும் செய்யாமல் 13,000 ரூபாய்க்கு விற்றால், இடையிலுள்ள 3,000 ரூபாய்க்கு மட்டும் ஜி.எஸ்.டி. கட்டினால் போதும். வாங்கியதன் மேல் உள்ளீட்டு வரிச் சலுகை எடுத்திருக்கக் கூடாது, அதாவது வாங்கும்போது கட்டிய வரியைத் தான் கட்ட வேண்டிய வரியில் கழித்திருக்கக் கூடாது, அவ்வளவுதான் நிபந்தனை. மத்திய ஜி.எஸ்.டி. (சி.ஜி.எஸ்.டி.) விதி 32(5) இதைச் சொல்கிறது. பொருள் ஏற்கெனவே ஒருமுறை வரி கட்டிவிட்டது என்பதை அரசே ஒப்புக்கொள்ளும் விதி இது. துறைமுகத்திலும் விமான நிலையத்திலும் இந்த ஒப்புதல் கிடையாது. அங்கே பழையது புதியது என்ற பேதமின்றி, கொடுத்த விலை முழுவதற்கும் வரிதான். ஒன்று மட்டும் ஆறுதல். மதிப்பு என்பது நீங்கள் உண்மையில் கொடுத்த விலை. புதிய பொருளின் விலையை வைத்து வரி போட்டால், சான்றுகளோடு எழுத்தில் கேளுங்கள்.

ஆம்பூரிலிருந்து:

எங்கள் ஊரில் இது பழகிப்போன விஷயம். தோல் பதனிடும் தொழிற்சாலைகளிலும் ஷூ தொழிற்சாலைகளிலும் இத்தாலியிலிருந்து வந்த பழைய இயந்திரங்கள் இன்றும் ஓடுகின்றன. நான் வேலை பார்க்கும் இடத்துக்கு ஒரு பழைய இயந்திரத்தை, விற்பவரின் இணையதளத்தில் பார்த்துப் பேசி முடித்தோம். பழைய இயந்திரம் என்றால் சார்ட்டர்டு இன்ஜினியர் எனப்படும் பட்டயப் பொறியாளரின் சான்றிதழ் வேண்டும். எந்த ஆண்டு செய்தது, இப்போது எந்த நிலையில் இருக்கிறது, புதிதாக இருந்தபோது என்ன விலை, இன்று என்ன மதிப்பு என்று அவர் எழுதித் தருவார். கொடுத்த விலை நம்பும்படி இல்லை என்று சுங்க அதிகாரி நினைத்தால் அந்தச் சான்றிதழைத்தான் பார்க்கிறார்.

சத்துவாச்சாரி ஐயாவுக்கும் எங்களுக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. நாங்கள் கட்டிய ஐ.ஜி.எஸ்.டி.யை உள்ளீட்டு வரியாக எடுத்துக்கொள்கிறோம். சுங்க வரி மட்டுமே எங்கள் செலவு. வீட்டுக்கு வாங்குகிறவருக்கு அந்த வழி இல்லை. லட்சக்கணக்கில் இயந்திரம் வாங்குகிற முதலாளிக்குத் திரும்பக் கிடைப்பது, ஆசைப்பட்டு ஒரு லென்ஸ் வாங்குகிற ஓய்வூதியக்காரருக்குக் கிடைப்பதில்லை. இது எனக்குச் சரியாகப் படவில்லை.

காட்பாடி, மாணவர்:

ஆம்பூர் பாய் சொன்ன இயந்திரம் மூலதனப் பொருள், அதாவது தொழில் நடத்தப் பயன்படும் பொருள், அதனால் வந்துவிட்டது. நான் வாங்கியது அமெரிக்காவில் புதுப்பித்து விற்ற மடிக்கணினி. வரி கட்டப் பணத்தோடு காத்திருந்தேன். பொதி வரவே இல்லை. பயன்படுத்திய கணினிகளும் மடிக்கணினிகளும் இறக்குமதிக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருக்கின்றன. வெளிநாட்டு வணிகத் தலைமை இயக்குநரகத்தின் அனுமதி வேண்டும் என்றார்கள். மூலதனப் பொருள் அல்லாத மற்ற பழைய பொருள்களும் விதிப்படி கட்டுப்பாட்டுக்குள் வருபவைதான். ஆகவே வரி எவ்வளவு என்பது இரண்டாவது கேள்வி. வரலாமா என்பதே முதல் கேள்வி. விற்பவர்கள் யாரும் இதைச் சொல்வதில்லை. கூரியர் நிறுவனமும் பணத்தை வாங்கிக்கொள்ளும்போது சொல்லவில்லை. பொதி நின்ற பிறகுதான் சொன்னார்கள். தரகுக் கட்டணம், அதன் மேல் ஜி.எஸ்.டி. என்று அவர்கள் அனுப்பிய பட்டியல் மட்டும் தவறாமல் வந்து சேர்ந்தது.

குடியாத்தத்திலிருந்து:

புத்தகம் மட்டுமே வாங்குகிறவள் நான். இங்கிலாந்தில் அச்சிட்ட புத்தகத்துக்கு மதிப்புக் கூட்டு வரி சுழியம். நம் நாட்டிலும் அச்சுப் புத்தகத்துக்கு ஜி.எஸ்.டி. இல்லை. 2019 பட்ஜெட்டில் இறக்குமதிப் புத்தகங்களுக்கு 5% சுங்க வரி போட்டார்கள். படிக்கிறவர் மேல் போட்ட வரி என்று அன்று வருந்தினேன், இன்றும் வருந்துகிறேன். பள்ளியில் பாடம் நடத்த எனக்கு வேண்டிய பழைய பதிப்புகள் இங்கே எந்தக் கடையிலும் கிடைப்பதில்லை.

வாலாஜாபேட்டையிலிருந்து:

அக்கா அமெரிக்காவில் நியூ ஜெர்சியில் இருக்கிறார். நான் அங்கே இணையத்தில் வாங்க நினைத்த பழைய பொருளை, "என் வீட்டுக்கு அனுப்பச் சொல்லு தம்பி, ஊருக்கு வரும்போது கொண்டுவருகிறேன்" என்றார். ஆனால் அமெரிக்காவில் விற்பனை வரி பொதி போய்ச் சேரும் முகவரியைப் பார்த்து விழுகிறது. நியூ ஜெர்சியில் 6.625%. பழைய பொருள் என்று விலக்கு இல்லை; ஒரே பொருள் கடைகளில் கை மாறும்போதெல்லாம் அந்த வரி மறுபடி வரும். 2018இல் அந்த நாட்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு, வேறு மாநிலத்திலிருந்து இணையத்தில் விற்பவர்களும் வசூலித்துக் கட்ட வேண்டியதாயிற்று. ஓரிகன் மாநிலத்தில் விற்பனை வரியே இல்லை. ஆனால் அக்கா அங்கே இல்லையே.

ஆற்காட்டிலிருந்து:

விற்பவர் சிலர், "பரிசு என்று எழுதி, விலையைக் குறைத்துப் போடட்டுமா?" என்று கேட்பார்கள். எனக்கும் கேட்டார்கள், வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். 2019 டிசம்பரிலேயே பரிசுப் பொதிகளுக்கான வரிச் சலுகையை நிறுத்திவிட்டார்கள். ராக்கிக்கும் உயிர்காக்கும் மருந்துக்கும் மட்டும் விலக்கு. பொய் விலை போட்ட பொதி வழியில் தொலைந்தால் இழப்பீடும் அந்தப் பொய் விலைக்குத்தான் கிடைக்கும். பிடிபட்டால் அபராதம், பறிமுதல்.

இன்னொன்று. "உங்கள் பொதி சுங்கத்தில் நிற்கிறது, இந்த எண்ணுக்குப் பணம் அனுப்புங்கள்" என்று குறுஞ்செய்தி வந்தால் அனுப்பாதீர்கள். எங்கள் தெருவில் ஒரு அம்மாவுக்கு இப்படி வந்தது. அவர் எதையும் வாங்கவே இல்லை. தனியார் கணக்குக்குச் சுங்கத் துறை பணம் கேட்காது. கடிதம் என்று வந்தால் அதில் டின் எனப்படும் ஆவண அடையாள எண் இருக்கும். மறைமுக வரிகள் வாரியத்தின் இணையதளத்தில் அதைச் சரிபார்க்கலாம். அஞ்சலில் வந்த பொதி என்றால், நேராக அஞ்சலகத்துக்கே போய்ப் பொதி எண்ணைக் காட்டிக் கேளுங்கள்.