வயநாட்டுக்குப் பழைய துணி அனுப்பலாமா?

கேள்வி: 2024 ஜூலை 30 நிலச்சரிவுக்காக எங்க அபார்ட்மெண்ட்ல (சென்னை) நாலு மூட்டை துணி சேர்ந்திருக்கு. அனுப்பலாமா, பணமா கொடுக்கலாமா?

பதில் 1: மூட்டை வேண்டாம். 2004 சுனாமிக்கு அப்புறம் நாகப்பட்டினத்துல ரோட்டோரமா குவிஞ்சு கிடந்த பழந்துணி ஞாபகம் இருக்கா? அளவு பார்த்துப் பிரிக்கவே தனியா ஆள் வேணும். கேரள முதலமைச்சர் பேரிடர் நிவாரண நிதிக்குப் பணமா போடுங்க.

பதில் 2: வாட்ஸ்அப் போஸ்டர்ல வர்ற க்யூஆரை ஸ்கேன் பண்ணாதீங்க. அரசுத் தளத்துக்குள்ள போய் அங்க சொல்லியிருக்கற வழியில பணம் கட்டுங்க. பின் நம்பர் அடிக்கறதுக்கு முன்னாடி திரையில தனி ஆள் பேர் வந்தா நிறுத்திடுங்க. ரசீதைப் பத்திரமா வைங்க: பழைய வருமான வரி முறைல, நன்கொடைக்கான சலுகையா முழுத் தொகையையும் வருமானத்துல கழிச்சுக்கலாம். ரொக்கம் ரூ.2,000-ஐத் தாண்டினா அந்தச் சலுகை கிடையாது, பொருளா கொடுத்தாலும் கிடையாது.

பதில் 3: முகாமே பட்டியல் கொடுத்துக் கேட்டா மட்டும் பொருள் அனுப்புங்க. ஒரு பெட்டிக்கு ஒரே பொருள். உள்ளாடை புதுசா, அளவு வாரியா. 15 கிலோவுக்கு மேல ஏத்தாதீங்க, இறக்கும்போது அடிப்பக்கம் பிஞ்சுக்கும். மேல்பக்கம் மட்டுமில்லாம பக்கவாட்டுலயும் மார்க்கர்ல மலையாளத்துல எழுதுங்க. அடுக்கிட்டா மேல எழுதினது தெரியாது. அரிசியோட சோப்பு வேண்டவே வேண்டாம். சோறு சோப்பு வாசம் அடிக்கும்!